முப்பத்திரண்டு கிலோவுக்கு ஒரு குஷன்

ஒரு ஊர்ல ஒரு வட்டத் தரை இருந்துச்சாம். தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல, சிமெண்டு பூசி, வழவழன்னு. சாயங்காலமானா புள்ளைங்கல்லாம் ஸ்கேட்டிங் ஷூ மாட்டிக்கிட்டு சர்ர்ர்... சர்ர்ர்ன்னு அதைச் சுத்துமாம். ம் சொல்லு. ஆங்.

அதுல நித்திலான்னு ஒரு பொண்ணு. பத்து வயசு. வளைவுல அவ சாஞ்சு திரும்பினா காத்தும் கூடவே திரும்புற மாதிரி இருக்குமாம். அவ அம்மா செல்வராணி. தைக்கிற துணியை அப்படியே போட்டுட்டு வந்து, தரையைச் சுத்தி இருக்கிற கம்பிக்கு வெளியே நின்னு பார்ப்பா.

அப்புறம் நித்திலாவுக்குக் காய்ச்சல் வந்துச்சு. சாதாரணக் காய்ச்சல் இல்ல. ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி, ரெண்டு மாசம் வீட்டுப் படுக்கை. முப்பத்திரண்டு கிலோ இருந்த புள்ள இருபத்திரண்டு ஆயிடுச்சு. நர்சம்மா எடை மிஷின்ல நிக்க வச்சு நம்பரை அம்மா காதுல மட்டும் சொன்னப்போ செல்வராணி ஜன்னலைப் பார்த்துக்கிட்டு நின்னா. ஏன்னா அவங்க வீட்டுல ஒரு பழக்கம். புள்ள இளைச்சுட்டான்னு வாயால சொல்லக்கூடாது. சொன்னா அது அப்படியே நிலைச்சுடுமாம். அதனால யார் கேட்டாலும், "தேறிட்டாக்கா, பழையபடி ஆயிட்டா"ம்பா.

அப்போ ஒருநாள் நித்திலா ஷூவை மாட்டிக்கிட்டு தரைக்கு வந்தா. சர்ர்ர்ன்னு போனா. வளைவு வந்துச்சு. சாஞ்சா. ஷூ திரும்பல! நேராப் போய் கம்பியில, டங்!

"குஷன் பழசாயிருக்கும்மா"ன்னா நித்திலா.

குஷன்னா உட்கார்ற மெத்தை இல்லடா கண்ணு. ஷூவுக்கு அடியில, சக்கரத்து அச்சுல, கட்டைவிரல் தண்டி ஒரு ரப்பர் இருக்கும். நாம சாஞ்சா அது ஒரு பக்கம் அமுங்கும். அது அமுங்கினாத்தான் சக்கரம் திரும்பும். கனமா இருக்கிறவங்களுக்குக் கெட்டி ரப்பர், லேசா இருக்கிறவங்களுக்கு மெத்து ரப்பர். லேசான புள்ள கெட்டி ரப்பர் மேல நின்னா என்னாகும்? அமுங்காது. ம், அதேதான்.

செல்வராணி, ஸ்கேட்டிங் சாமான் விக்கிற சேவியர் அண்ணன் கடைக்குப் போனா. அவரு எடை கேட்காம குஷன் தர மாட்டாரு.

"பாப்பா என்ன வெயிட்டும்மா?"

அவ வாசப்பக்கம் பார்த்தா. அப்புறம், "முப்பத்திரண்டு"ன்னா.

சிவப்புக் குஷன் கொடுத்தாரு. கெட்டி. மறுநாள் நித்திலா சாஞ்சா. டங்!

அப்புறம் செல்வராணி ரெண்டாவது வாட்டி கடைக்குப் போனா.

"புது ரப்பர் எப்படிங்கம்மா திரும்பாம போகும்? வெயிட்டு சரியாத்தான் சொன்னீங்களா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"ன்னு வெடுக்குன்னு கேட்டா.

"சரி, கோவிச்சுக்காதீங்க. குஷனை இறுக்குற நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்க. ரொம்ப வேணாம், ஆடும்."

தளர்த்தினாங்க. திரும்பல. இன்னும் தளர்த்தினாங்க. இப்போ அச்சு லொடலொடன்னு ஆடுச்சு. வளைவுல, தொபுக்கடீர்! தாடை கிழிஞ்சு ரத்தம். பின்னாடி வந்த பொண்ணு ஒருத்தி, "ஏய் நித்திலா, ஸ்கேட்டிங்கை ஆஸ்பத்திரியிலயே மறந்து வச்சுட்டு வந்துட்டியாடி?"ன்னு சிரிச்சா.

நித்திலா அழல. ஷூவைக் கழட்டி அம்மா கையில கொடுத்தா. "யாருக்காவது கொடுத்துடும்மா. எனக்கு மறந்துபோச்சு. இனிமே வராது."

தூங்கிட்டியா? ம்... சரி.

செல்வராணிக்குத் தெரியும், புள்ள எதையும் மறக்கலைன்னு. சொன்னா அந்த நம்பர் நிலைச்சுடுமோன்னு பயம். சொல்லலேன்னா, தனக்கு வராதுன்னே புள்ள காலம் பூரா நம்பிக்கிட்டு உட்கார்ந்துடுவாளே! பயந்துக்கிட்டேதான் மூணாவது வாட்டி கடைக்குப் போனா.

"வெயிட்டைத் தப்பாச் சொல்லிட்டேண்ணே."

"எவ்வளவும்மா?"

"இருபத்தி..." நின்னுடுச்சு. சேவியர் அண்ணன் அவசரப்படுத்தல. "இருபத்திரண்டு"ன்னா. சொல்லிட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா.

அவரு நீலக் குஷன் ஒண்ணை எடுத்து ரெண்டு விரலால அழுத்திக் காட்டினாரு. மெத்துன்னு அமுங்குச்சு. "இதுதாம்மா பாப்பாவோடது"ன்னாரு. வேற ஒண்ணும் கேக்கல.

அப்புறம் நித்திலாவைக் கெஞ்சித்தான் கூட்டிக்கிட்டு வந்தா. சர்ர்ர்... வளைவு வந்துச்சு. லேசாச் சாஞ்சா. அவ்வளவுதான், ஷூ சுலுவாத் திரும்பிடுச்சு!

"அம்மா! நான் மறக்கலம்மா!"

மூணு சுத்துதான். முன்னே முப்பது சுத்து சுத்துற புள்ள, மூணுலயே மூச்சு வாங்கிக் கம்பியோரம் உட்கார்ந்துடுச்சு.

"எத்தனை கிலோன்னு சொல்லி வாங்கினே?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. "இருபத்திரண்டு."

நித்திலா தன்னோட மணிக்கட்டை விரலால வளைச்சுப் பார்த்தா. "அவ்வளவுதானாம்மா நான்?"

"அவ்வளவுதாண்டா."

அப்போதான் ரெண்டு பேரும் அழுதாங்க. அத்தனை மாசத்துல ஒண்ணாச் சேர்ந்து அழுதது அன்னைக்குத்தான்.

அப்புறம் புள்ள தேறுச்சா? தெரியலடா. தெரியாததை நான் எப்படிச் சொல்லுவேன்? எனக்குத் தெரிஞ்ச கதை அந்தக் கம்பியோரம் உட்கார்ந்துடுச்சு. இனி கதை எழுந்திரிக்காது. நீ கண்ணை மூடிக்கோ.