புதுத் தோல் காலைக் கடிப்பது ஏன்

அந்தக் காலத்தில் எருமை பேசியது, ஆடு பேசியது, உரித்துப் பதப்படுத்திய தோல்கூடப் பேசியது. வாய் திறக்காமல் இருந்தவர்கள் மேல்மலையின் சுமைகாரர்கள் மட்டும்தான். அவர்களுக்கு நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். வரிசை பிசகினால், கதையே பொய் என்று சொல்ல ஆட்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

முதலாவது: கணவாய்ப் பாதையை மலையில் இருந்த எல்லோரும் சேர்ந்து வெட்டினார்கள். வெட்டி முடித்த அன்று ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் அதன் வாயில் ஒரு கல்லை நட்டு, “இது என் பாதை” என்றார்.

இரண்டாவது: அந்தப் பாதையில் நடப்பவர்கள் அவருடைய சுமையைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்றார்.

மூன்றாவது: சுமைகாரர்களுக்குக் காலணி வாங்கித் தர மாட்டேன் என்றார். தோல் போட்ட கால் கணவாயைத் தாண்டினால் திரும்பி வராது என்று அவருக்குப் பயம்.

நான்காவது: பெயர்களை எடுத்துக்கொண்டார். மிளகு தூக்குகிறவன் மிளகு. தேன் தூக்குகிறவன் தேன். உப்பு தூக்குகிறவள் உப்பு. பெரியதனக்காரர் முன்னால் தன் பெயரையோ அடுத்தவர் பெயரையோ சொல்வது மரியாதைக் குறைவு. ஐந்து வருடத்தில் அது வழக்கமானது. பத்து வருடத்தில் சுமைகாரர்களே அந்த வழக்கத்துக்குக் காவல் நின்றார்கள். யாராவது வாய் தவறிப் பெயர் சொன்னால் அவர்களே “ச்சூ” என்று அடக்கினார்கள்.

முதல் மூன்றும் அவர் ஒருவர் கையால் செய்த அநியாயங்கள். நான்காவதற்கு, அநியாயத்தை அனுபவித்தவர்களே கை கொடுத்தார்கள். அதனால்தான் அது நிலைத்தது.

உப்பு என்று அழைக்கப்பட்டவள் பன்னிரண்டு வருடம் அந்தக் கணவாயில் ஏறி இறங்கியவள். போன தை மாதப் பனியில் அவளுடைய இடது காலில் இரண்டு விரல்கள் கறுத்து விழுந்தன. அவளால் ஓரிடத்தில் நிற்க முடியாது. நின்றால் கால் மரத்துவிடும். அதனால் பேசும்போதும் சாப்பிடும்போதும் கால் மாற்றிக் கால் மாற்றி மிதித்துக்கொண்டே இருப்பாள். தோல் தைக்கும் சடையன் அவள் காலைத் தூக்கிப் பார்த்தான்.

“தங்கச்சி, மூடின பூட்ஸ் இல்லாம இன்னொரு தை மாசத்தை இந்தக் கால் தாங்காது.”

“தாங்கலைன்னா?”

“விரலோட நிக்காது.”

ஐப்பசி முடிந்துகொண்டிருந்தது. தைக்கு இரண்டே மாதம்.

மலையில் பெரியதனக்காரருக்கும் முந்திய சட்டம் ஒன்று இருந்தது. சாகும் விலங்கு சாட்சிகள் முன்னால் யாருக்குச் சொல்கிறதோ, அதன் தோல் அவருக்கே. தோல் அந்தச் சொல்லை மறக்காது. கரியாள் என்ற கிழட்டு எருமை சோலை ஓரத்தில் படுத்துவிட்டபோது, தன் தோல் யாருக்கு என்பதை முடிவு செய்திருந்தது. பன்னிரண்டு வருடமாக, போகும்போதும் வரும்போதும் மூட்டையில் இருந்து சிந்திய உப்பை உள்ளங்கையில் ஏந்தி நக்கக் கொடுத்தவளுக்குத்தான்.

சாட்சிகள் கூடினார்கள். மிளகும் தேனும் வந்தார்கள். சுருளி என்ற செம்மறியாடு வந்தது. பெரியதனக்காரரும் வந்து நின்றார். அவள் எருமையின் காதருகே குனிந்தாள்.

“தாயே, அவர் நிக்கிறார். என் பேரைச் சொல்லிடாதே. வழக்கமில்லை.”

“பேர் சொல்லாம எப்படிக் கொடுக்கிறது?”

“உப்புன்னு சொல்லு. எல்லாருக்கும் தெரியும்.”

எருமை அவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு எல்லோரும் கேட்க, “என் தோல் உப்புச் சுமைக்கு” என்றது. தலையைச் சாய்த்தது.

மறுநாள் விடிந்ததும் பெரியதனக்காரர் சுமைக் கொட்டகைக்கு வந்தார். உப்பு மூட்டையைத் தோளில் ஏற்றச் சொன்னார். பத்து அடி நடந்தார். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தோளைத் தட்டிக்கொண்டார்.

“எல்லாரும் பார்த்துக்குங்க. இன்னைக்கிலேர்ந்து உப்புச் சுமை நான். நீ தேன்” என்றார் அவளைப் பார்த்து.

“நான்?” என்றான் தேன்.

“நீ மிளகு. அவன் இஞ்சி. போய் வேலையைப் பாருங்க.”

இப்படித்தான் எப்போதும் நடக்கிறது. பொருளைத் தொட மாட்டார்கள். பொருளுக்கு உரியவளின் பெயர்ப்பலகையை மாற்றுவார்கள்.

தோல் பதமானதும் சடையனிடம் வந்தது. அவன் முதுகுத் தோலாகப் பார்த்து வெட்டினான். வயிற்றுத் தோல் இளகும், கழுத்துத் தோல் சுருங்கும். முதுகுத் தோலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து உடனே எழும்பும். அடிப்பாகத்தை மூன்று அடுக்காக வைத்து, மெழுகு பூசிய நூலால் இரட்டைத் தையல் போட்டான். பெரியதனக்காரரின் கால் அளவுக்கு.

அவள் வந்து பார்த்தாள். கால் மாற்றி மிதித்தாள்.

“ஏன்ணா, அந்த ஆளுக்கு இவ்வளவு நல்லாவா தைக்கணும்? ரெண்டு தையலை விட்டிருக்கக் கூடாதா?”

“விடத்தான் பார்த்தேன் தங்கச்சி. கை கேட்கல.”

சுருளி தன் தோள்பட்டை ரோமத்தை அவளுக்குக் கொடுத்திருந்தது. நீளமான, இழுத்துவிட்டால் சுருண்டுகொள்கிற ரோமம். அவள் மூங்கில் ஊசியால் ஒரு ஜோடி காலுறை பின்னி வைத்திருந்தாள். பூட்ஸ் இருக்கும் இடத்தில்தானே காலுறையும் இருக்க வேண்டும் என்று சொல்லி, பெரியதனக்காரர் அதையும் எடுத்துக்கொண்டார். ஆட்டு வாடை அடிக்கிறது என்று கொதிக்கும் நீரில் போட்டு அலசினார். சுருளிக்கு அவமானம் தாங்கவில்லை. தன் ரோமத்தைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னது: “சுருங்கு.” அவர் வெளியே எடுத்தபோது இரண்டும் கட்டைவிரலுக்குத்தான் போதும் என்ற அளவில் இருந்தன.

அன்று மத்தியானம் அவள் கணவாய்க் கல்லின் அருகே தேன் குடத்தை இறக்கி வைத்தாள். “நான் ஏற மாட்டேன்” என்றாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் சொன்ன முதல் மறுப்பு. அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்திருக்க வேண்டும்; சொல்லிவிட்டு உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். முன்னாள் தேன் பார்த்தான். மிளகை இறக்கினான். முன்னாள் மிளகு இஞ்சியை இறக்கினான். மாலைக்குள் கல்லைச் சுற்றி மூட்டைகள் குன்றுபோல் குவிந்தன.

மூன்று நாள் ஒரு சுமையும் நகரவில்லை. நான்காம் நாள் பெரியதனக்காரர் வந்தார். காலில் புது பூட்ஸ். உள்ளே காலுறை இல்லை.

“நீங்க இல்லைன்னா மலை நின்னுடுமா? நானே தூக்குறேன். பார்த்துக்கிட்டு நில்லுங்க.”

உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். நூறு அடி ஏறியதும் நொண்டினார். இருநூறு அடியில் உட்கார்ந்தார். குதிகால் இரண்டிலும் கொப்புளம் உடைந்து ரத்தம். கழற்றப் பார்த்தார், பூட்ஸ் வரவில்லை. கீழே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி தோல் பேசியது.

“என்னைக் கொடுத்தது உனக்கில்ல. எனக்கு உப்பு நக்கக் கொடுத்தவளுக்கு. அவ பேரைச் சொல்லு. விட்டுடறேன்.”

பெரியதனக்காரர் வாயைத் திறந்தார்.

“உப்பு” என்றார்.

“அது மூட்டைக்குள்ள இருக்கிறது. அவ பேரு?”

அவருக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் அவள் தோளில் வந்த உப்பைத் தின்றவருக்கு அவள் பெயர் தெரியவில்லை. கீழே பார்த்துக் கத்தினார்.

“ஏய்! அவ பேரென்ன?”

முன்னாள் மிளகு, கையைக் கட்டிக்கொண்டு, மிகுந்த பணிவோடு சொன்னான்:

“உங்க முன்னாடி பேர் சொல்ற வழக்கமில்லீங்களே, சாமி.”

யாரோ சிரித்தார்கள். கணவாய் வாயில் அதற்கு முன் சிரிப்புக் கேட்டதில்லை.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். “என்னையே கேளுங்க. உன் பேரென்னன்னு ஒரு வார்த்தை. சொல்லிடறேன். கால் போற வலி எனக்குத் தெரியும்.”

ஒரே ஒரு கேள்விதான். அவர் அதைக் கேட்கவில்லை. உப்பிடம் போய்ப் பெயர் கேட்பதைவிடக் கால் போனாலும் பரவாயில்லை என்று நினைத்தார். காய்ந்த புல்லை வாரிக் குவித்து, சக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தீ மூட்டினார். தோல் பயந்து பிடியை விடும் என்று எண்ணிப் பூட்ஸோடு இரண்டு கால்களையும் தீயருகே நீட்டினார்.

தோல் அலறியது. “இனிமே நான் கேட்க மாட்டேன்! கேட்க வேண்டியவங்க நீங்கதான்!” என்றது. குதிகாலில் இருந்து மேல்வரை அது வெடித்துக்கொண்டே போகும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. மரக்கட்டைபோல விறைத்த பூட்ஸ் அவர் காலில் இருந்து தானாகக் கழன்று உருண்டது. அதற்குப் பிறகு எந்தத் தோலும் எங்கும் பேசவில்லை. பெரியதனக்காரர் வெறுங்காலோடு பனிப்புல்லில் நடந்து இறங்கினார். அவருக்கு வழிவிட்டார்கள், தலை குனியவில்லை.

அவள் பூட்ஸைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு சடையனிடம் ஓடினாள்.

“போச்சா அண்ணா?”

“வாய்தான் போச்சு. தோல் போகல.”

வெடித்த ஓரங்களை அவன் அறுத்து எறிந்தான். அவள் கால் சின்னது. மிச்சம் போதுமானதாக இருந்தது. சுருளி பக்கத்தில் படுத்துக்கொண்டு வழி சொன்னது. “என் ரோமத்துப் பிசுக்கை எடுத்துத் தேய். துணியால இல்ல, கையால. நனைஞ்சா நிழல்ல காயவை. ரெண்டு நாள் சேர்ந்தாப்ல போடாதே, அதுவும் மூச்சு விடணும். காலுறையைப் பச்சைத் தண்ணியில அலசு, முறுக்காதே.”

ஏழு நாள் அவள் கையால் தேய்த்தாள். விறைப்பு மெல்ல மெல்ல இளகியது. சுருளி கொடுத்த இன்னொரு பங்கு ரோமத்தில் புதுக் காலுறையும் தயாரானது. மார்கழி பாதி கடந்திருந்தது. அவள் பூட்ஸைப் போடப் போனபோது சடையன் தடுத்தான்.

“இரு. உப்புன்னு கொடுத்ததாலதானே இவ்வளவும் வந்தது. தோல் இனிமே வாய் திறந்து சொல்லாது. நாம சொல்லணும்.”

“அவர் முன்னாடியா?”

“அவர் முன்னாடிதான்.”

சடையன் மூட்டைகளுக்குக் குறி போடுகிறவன். அதனால் அவனுக்கு எழுத்துத் தெரியும். அதுவரை அவன் எழுதியதெல்லாம் மூட்டைகளின் பெயர்களைத்தான். குத்தூசியை எடுத்து, பூட்ஸின் உட்புறத்தில் முதன்முதலாக ஒரு ஆளின் பெயரைக் கீறினான்.

அன்றைக்கு வந்த வழக்கம்தான்: புதுத் தோல் முதல் சில நாட்கள் காலைக் கடிக்கிறது. பேச முடியாததால் அப்படித்தான் அது நீ யார் என்று கேட்கிறது; தன் கையால் எண்ணெய் தேய்த்துப் பதில் சொல்கிறவரிடம்தான் அது இளகுகிறது. தீயைக் கண்டால் இன்றும் வெடிக்கிறது. கம்பளி இன்றும் கொதிநீரில் சுருங்கிக்கொள்கிறது. மேல்மலையில், எவ்வளவு பெரிய மனிதருக்கானாலும், சாட்சிகள் முன்னால் பெயரை வாசிக்காமல் யாரும் ஒரு ஜோடி பூட்ஸைக் கை மாற்றுவதில்லை.

அந்த முதல் வாசிப்பு கணவாய்க் கல்லின் அருகே நடந்தது. எருமைகள் வந்து நின்றன. சுருளி தன் மந்தையோடு வந்தது. சுமைகாரர்கள் எல்லோரும் வந்தார்கள். காலில் துணி சுற்றிக்கொண்டு பெரியதனக்காரரும் வந்தார். வராவிட்டால் தனக்குத் தெரியாமல் ஏதோ நடந்துவிடும் என்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் கால் மாற்றிக் கால் மாற்றி மிதித்துக்கொண்டிருந்தாள். “சீக்கிரம் வாசிண்ணா” என்றாள். பழைய பழக்கத்தில் யாரோ “ச்சூ” என்றார்கள். சடையன் அந்தத் திசையைப் பார்த்தான், பெரியதனக்காரரைப் பார்த்தான். பூட்ஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கணவாயின் மறுபக்கம்வரை கேட்கும் குரலில் வாசித்தான்:

“சாட்சிகள் கேட்டுக்கொள்ளுங்கள். எருமை கரியாளின் தோல் இது. இதற்கு உரியவள், மாதியின் மகள் கெம்பி.”