முப்பத்துமூன்று அங்குல ஆள்

மருதங்காவு ஜமீன்தார் வீரபூபதிக்குக் கணக்குப் பைத்தியம். தையல்காரர் பக்கீரைக் கூப்பிட்டார். "என் இடுப்பு, ஒன்பது சேவகனுங்க இடுப்பு, எல்லாத்தையும் கூட்டிப் பத்தால வகு. அந்தச் சராசரியிலேயே எல்லாருக்கும் கால்சட்டை தை."

முப்பத்துமூன்று அங்குலம் வந்தது. தைத்தாயிற்று.

கலெக்டர் வந்த அன்று, கால்சட்டையைப் பிடித்திருந்த கையைச் சேவகர்கள் சல்யூட்டுக்குத் தூக்கினார்கள். ஒன்பதும் கீழே விழுந்தன. ஜமீன்தாருடையதோ முழங்காலுக்கு மேல் ஏறவே இல்லை.

ஜமீன்தார் பக்கீர்மேல் பாய்ந்தார். "சராசரி பொய் சொல்லாது, நீதான் தப்பா தச்சிருக்கே. முப்பத்துமூணு அங்குல ஆளை என் முன்னால நிறுத்து. இல்லேன்னா ஊரை விட்டுப் போ."

பக்கீர் ஒல்லியானவரில் தொடங்கி வரிசையாக நிறுத்தி அளந்தார். சேவகர்கள் இருபத்தெட்டிலிருந்து முப்பது வரை. கடைசியில் நின்ற ஜமீன்தார் அறுபத்தொன்பது.

"முப்பதுக்கும் எஜமானுக்கும் நடுவுல இடம் காலியா இருக்கு பாருங்க. சராசரி ஆள் அங்கதான் நிக்கிறாரு."

"அங்க யாருமே இல்லையே."

"அவருக்குத்தான் எஜமான், பத்துக் கால்சட்டை தைச்சோம். வரிசையில அஞ்சாவதா, நட்டநடுவுல நிக்கிற சேவகனை அளந்திருந்தா ஒன்பது பேர் மானம் தப்பிச்சிருக்கும். அளவை இழுத்துட்டுப் போனது கடைசியில நிக்கிறவரு."

ஜமீன்தார் மூச்சை இழுத்து, வயிற்றை உள்ளே தள்ளிக்கொண்டு, "இப்ப அள" என்றார்.

அறுபத்தெட்டு.