தூங்கிய அரசரும் வாய் திறக்காத பல்லக்கும்

முன்னொரு காலத்தில், தரையில் கால் வைத்தாலே ராஜமரியாதை தேய்ந்துவிடும் என்று மன்னர்கள் நினைத்திருந்த நாளில், ஒரு நாட்டை ஓர் அரசர் ஆண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் பல்லக்கில் ஏறினால் போதும், குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். அரண்மனையின் அன்னத்தூவி மெத்தையில் வராத தூக்கம் அவருக்குப் பல்லக்கில் வரும்.

அந்தத் தூக்கத்துக்கு ஓர் இடைஞ்சல் இருந்தது. பின்தண்டைத் தூக்குகிறவனுக்குப் பாதை தெரியாது, எதிரே பல்லக்குதான் தெரியும். அதனால் முன்தண்டுக்காரன் "கல்லு!" என்றும் "பள்ளம்!" என்றும் குரல் கொடுப்பான். பின்னால் இருப்பவர்கள் "சரி!" என்று பதில் கொடுத்துக் காலை மாற்றி வைப்பார்கள். காலங்காலமாக இருந்த தொழில் முறை அது. ஒருநாள் நல்ல கனவின் நடுவே யாரோ "பள்ளம்!" என்று கத்த, அரசர் திடுக்கிட்டு எழுந்து கோபத்தில் குதித்தார்.

அரசர் முகம் சுளித்தால் அதற்கும் ஒரு சட்டம் எழுதித் தரக்கூடியவர் அமைச்சர் திம்மண்ணர். அன்றைக்கே எழுதினார். "பல்லக்குச் சுமப்போர் வழியில் வாய் திறக்கலாகாது. மன்னர் துயில் கலையும்படி எவரும் குரல் எழுப்பலாகாது. மன்னர் தம் வாயால் நில் என்றாலன்றிப் பல்லக்கு எங்கும் நிற்கலாகாது."

ஆணை வந்த மறுநாளே, பின்தண்டில் இருந்த சங்கிலி என்பவன் பள்ளத்தில் கால் விட்டுக் கணுக்காலை முறித்துக்கொண்டான். பல்லக்குக்காரர்கள் கொதித்துப் போனார்கள். கோட்டைக்கு வெளியே இனித் தூக்க மாட்டோம் என்று தண்டைக் கீழே வைத்தார்கள். "நான் வெளியே போவதாக இல்லை" என்றார் அரசர். சரி, கோட்டைக்கு உள்ளேயும் தூக்க மாட்டோம் என்றார்கள். "நான் எழுந்திருப்பதாகவே இல்லை" என்று அரசர் போர்த்திக்கொண்டு படுத்தார். வீம்பில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த நேரம் பார்த்து அண்டை நாட்டு அரசரிடமிருந்து தூதன் வந்தான். நாளைக் காலையில் ஆற்றங்கரை மாந்தோப்புக்கு அவர் வருகிறாராம். நம் அரசர் போய் வரவேற்க வேண்டும். நடந்து போனால் மானம் போகும், போகாவிட்டால் நட்பு போகும்.

அவையில் பூவராகன் என்றொரு விகடகவி இருந்தான். அவனுடைய நாக்கால் நிறைய சூடுபட்டவர் திம்மண்ணர். கணக்குத் தீர்க்க இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"மன்னர் பெருமானே! பூவராகர் பல்லக்குக்காரர்களோடு கூடி உண்டு பழகுபவர். அவரே அவர்களை நாளை பல்லக்குத் தூக்கச் செய்யட்டும். ஆனால் ஆணையில் ஓர் எழுத்தையும் அவர் மாற்றலாகாது. இயலாதெனில் அவர் இந்நாட்டை விட்டே வெளியேறட்டும்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

பூவராகனுக்கோ இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்த உடம்பு, இந்த ஊரை விட்டால் வேறு போக்கிடம் ஏது? ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "ஓர் எழுத்தும் மாறாது, அரசே. நாளை முழு ஆணையும் நடக்கும்" என்று வணங்கிவிட்டு நேரே பல்லக்குக் கொட்டகைக்குப் போனான்.

அங்கே பெரிய வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. "தண்ணி சுமக்கிறவங்க நம்மளோட வர்றோம்னு சொல்லிட்டாங்க. அடுப்படி ஆளுங்களும் வருவாங்க. நாளைக்கே எல்லாத்தையும் நிறுத்துவோம்" என்று துள்ளினான் முத்திருளன் என்ற இளவட்டம்.

"ரொம்ப இழுத்தா அறுந்துரும்டா. சிறையில போட்டா பிள்ளைகுட்டிக்கு யார் கஞ்சி ஊத்துறது?" என்றான் இன்னொருவன்.

முன்தண்டுக்காரனும் அவர்களுக்குத் தலைவனுமான கரியமாணிக்கம், கட்டுப்போட்ட சங்கிலியின் காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அந்தக் காலைப் பார்த்ததும் பூவராகனுக்குத் தன் கவலை சின்னதாகப் போய்விட்டது. வந்த விஷயத்தை ஒளிக்காமல் சொன்னான்.

"நாளைக்குத் தூக்குங்க. ஆணையில என்ன இருக்கோ அதை மட்டும் அப்படியே செய்யுங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

"அப்போ பின்வாங்கச் சொல்றீங்களா அய்யா?" என்று சீறினான் முத்திருளன்.

"தண்டைக் கீழே வச்சுப் பார்த்தாச்சு. அதுக்கு மேல ஒரு படி ஏறச் சொல்றேன்."

கரியமாணிக்கம் யோசித்தான். மெதுவாக அவன் மீசைக்குள் சிரிப்பு வந்தது. "சரி அய்யா. உங்களுக்காகத் தூக்குறோம். இதுலயும் மகாராசா படியலேன்னா மறுநாள் அடுப்படியும் அணையும். அப்புறம் எங்களைச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன். அப்போ நான் இந்த ஊர்லயே இருக்க மாட்டேனே!" என்றான் பூவராகன்.

காலையில் பல்லக்கு எழும்பியது. திம்மண்ணருக்கு முகம் கறுத்தது. விருந்தாளிக்காகச் செப்பனிட்ட சாலை என்பதால் கல்லும் இல்லை, பள்ளமும் இல்லை. அரசர் கோட்டை வாசல் தாண்டுமுன்பே தூங்கிவிட்டார்.

மாந்தோப்பு வந்தது. அண்டை நாட்டு அரசர் மாலையும் கையுமாக நின்றார். மேளம் முழங்க ஆரம்பித்தது. மன்னர் துயில் கலையக் கூடாதே என்று திம்மண்ணர் ஓடிப்போய் மேளக்காரர்களின் கையைப் பிடித்தார். அதற்குள் பல்லக்கு, மாலையை நீட்டிய அரசரின் மூக்குக்கு முன்னாலேயே, நிற்காமல், குறட்டையோடு கடந்து போய்விட்டது!

திம்மண்ணர் பின்னாலேயே ஓடினார். 'நில்' என்று அவர் சொல்லிப் பயனில்லை, அரசர் வாயால் வர வேண்டும். தொட்டு எழுப்ப அரச மேனியில் யார் கை வைப்பது? கூப்பிட்டு எழுப்பலாம் என்றால் குரல் எழுப்பக் கூடாது. எல்லாம் அவரே எழுதியது. கையை ஆட்டினார், காலைப் பிடிப்பதுபோல் காட்டினார். பல்லக்குக்காரர்கள் தலையை நிமிர்த்தி, நெஞ்சை விரித்து, தங்கள் வழியில் நடந்தார்கள். அந்த நடை இருக்கிறதே, அரசர்களுக்கே வராத நடை! ஓரமாக வந்த பூவராகனுக்கு, இவர்களுடைய சோற்றைத் தின்றவன் நான் என்று பெருமை பொங்கியது.

சாலை முடிந்தது, ஆறு வந்தது. நில் என்று யாரும் சொல்லவில்லையே! இறங்கிவிட்டார்கள். பின்தண்டுக்காரர்கள் மட்டும் காலால் தடவித் தடவி அடி வைத்தார்கள். நடு ஆற்றில் தண்ணீர் பல்லக்குக்குள் ஏறி அரசரின் முதுகை நனைத்தது.

"நில்!" என்று அலறினார் அரசர்.

அந்த இடத்திலேயே நின்றார்கள்.

"எங்கே நிற்கிறோம்? முன்னால் ஆழமா? பள்ளம் உண்டா?" யாரும் வாய் திறக்கவில்லை. "ஏன் ஊமையாக நிற்கிறீர்கள்? பூவராகா!"

பூவராகன் இடுப்பளவுத் தண்ணீரில் கைகட்டி நின்றான். "அரசே, வழியில் அவர்கள் வாய் திறக்கலாகாது என்பது தங்கள் ஆணை. அதில் ஓர் எழுத்தையும் நான் மாற்றலாகாது என்பதும் தங்கள் ஆணை."

அரசர் தண்ணீரைப் பார்த்தார். கரையில் மாலையோடு மூச்சிரைக்க வந்து நின்ற விருந்தாளியைப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உன்னால் மாற்ற முடியாது, என்னால் முடியும். ஆணையைத் திரும்பப் பெற்றேன்! குரல் கொடுக்கட்டும், வேண்டிய இடத்தில் இறக்கி வைக்கட்டும். சங்கிலி எழுந்து நடக்கும்வரை அவன் வீட்டுச் சாப்பாடு அரண்மனையிலிருந்து போகட்டும்!" கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பூவராகனிடம் வீசினார். "திம்மண்ணரே, நீர் இனி எனக்குச் சட்டம் எழுத வேண்டாம்!"

கரையில் நின்ற திம்மண்ணர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அரசர் முன்தண்டுப் பக்கம் எட்டிப் பார்த்தார். "கரியமாணிக்கம், நான் மசியாமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?"

"நாளைக்கு அடுப்படியும் எங்களோட வர்றதா இருந்துச்சு, மகாராசா."

"சோற்றிலேயே கை வைக்கப் பார்த்தீர்களா!" அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த சிரிப்பில் பல்லக்கு ஆடியது.

கரைக்குத் திரும்ப அடி எடுத்து வைத்தபடியே, "பள்ளம்!" என்று கரியமாணிக்கம் குரல் கொடுத்தான். ஆறே அதிர்ந்தது. "ஆடாம உக்காருங்க மகாராசா!"

"சரி!" என்றார்கள் பின்தண்டுக்காரர்கள்.

"சரி!" என்று அரசரும் சொல்லிவிட்டு, அசையாமல் உட்கார்ந்தார்.