இதில் எது, அண்ணாச்சி?

தூத்துக்குடியில் ஸ்கூபா சாமான் விற்கும் தனசிங் அண்ணாச்சி, முக்குளிக்க ஆட்களைக் கூட்டிப்போகும் செலஸ்தீனாவின் படகில் ஏறி, கடலடி பார்க்க வந்தவர்களிடம் முழங்கினார்: "மூச்சுவிடுற ரெகுலேட்டர இந்தப் பிள்ள தானே கழட்டி மாட்டுது! டீலர் கைபடாதது எமன். யாரும் இறங்காதீங்க!"

வந்தவர்கள் திரும்பிப் போகப் பையைத் தூக்கிவிட்டார்கள்.

கெட்டிக்காரி செலஸ்தீனா வாதாடவில்லை. ஒரே மாதிரி இரண்டு ரெகுலேட்டரை எடுத்து நீட்டினாள்.

"ஒண்ணு போன வாரம் ஒங்க கடையில சர்வீஸ் பண்ணது. இன்னொண்ணு நான் பண்ணது. பிடிச்சத மாட்டிக்கிட்டு இறங்குங்க அண்ணாச்சி. மிச்சத்த நான் வாயில கடிச்சுக்கிட்டுக் கூடவே வாறேன்."

அண்ணாச்சி இரண்டையும் புரட்டிப் பார்த்தார். கடலைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்:

"இதுல நீ பண்ணது எதும்மா? எனக்கு அதையே குடு."

சின்னப் படகு, எல்லார் காதிலும் விழுந்தது. தூக்கிய பைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.