தொம்மையின் வள்ளத்துக்கு ஒரு விளக்கு

முதலில் வாயை விட்டது தொம்மைதான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆவணி முதல் செவ்வாய்க்கிழமை, மீன் ஏலம் போடுகிற இடத்தில், கூடை தூக்க வந்த பெண்கள் வரைக்கும் கேட்கிற மாதிரி, "கித்தேரியான் பழைய சாமானைப் போட்டு என்னை ஏமாத்திட்டாம்லே" என்றான். நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் சிரித்தார்கள்.

கித்தேரியானுக்கு வயது அறுபத்தொன்று. முட்டி போனதும் கடலை விட்டுவிட்டு, வள்ளத்தில் நட்ட கம்பின் உச்சியில் கட்டுகிற விளக்கு செய்து கொடுத்து வந்தார். விசைப்படகுகள் இருட்டில் வள்ளத்தின் மேல் ஏறிவிடாமல் இருக்கத்தான் அந்த விளக்கு. நாலு பெரிய எல்.இ.டி., ஒரு பேட்டரி, பொழுது சாய்ந்ததும் தானாக ஏற்றிவிடுகிற ஒரு சிப். அந்த வேலையை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் ரெஜினா டீச்சர். துறைமுகச் சாலையில் சர்க்யூட் போர்டு பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். வயது முப்பத்திரண்டு.

தொம்மையின் வள்ளத்தில் அந்த விளக்கு நடுக்கடலில் அணைந்துவிட்டது. ஒரு விசைப்படகு உரசிக்கொண்டு போனதில் பின்பலகை பிளந்தது. ஆட்கள் தப்பியது பெரிய காரியம். கரைக்கு வந்ததும் விளக்கைக் கித்தேரியானின் காலடியில் எறிந்துவிட்டுத்தான் தொம்மை அந்த வார்த்தையைச் சொன்னான்.

அந்த விளக்கோடு கித்தேரியான் டீச்சரிடம் வந்தார்.

"புது சாமான்தான் டீச்சர். நானே பாக்கெட்டைப் பிரிச்சேன். அளந்துதான் குடுத்தேன்."

டீச்சர் கருகிப் போன எல்.இ.டி.க்களைக் கழற்றி, அதே மாதிரி நாலு புதிதாக வைத்தார். வேறு எதையும் மாற்றவில்லை. எல்.இ.டி.க்குப் போகிற வயரில் மின்சாரம் அளக்கிற மீட்டரைக் கோர்த்தார். கித்தேரியானின் துண்டை வாங்கி, வெளிச்சம் பார்க்கிற கண்ணின் மேல் போட்டார். பொழுது சாய்ந்துவிட்டதென்று நினைத்து விளக்கு எரிந்தது.

"மீட்டர்ல எவ்வளவு காட்டுது, அண்ணாச்சி?"

"முன்னூத்தி அம்பது மில்லி ஆம்ப். அன்னைக்கும் இதான் காட்டுச்சு. அதுக்கு மேல குடுக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அன்னைக்கு எவ்வளவு நேரம் பார்த்தீங்க?"

"பார்த்தேன், மூடினேன்."

டீச்சர் விளக்குப் பெட்டியின் மூடியைப் போட்டுத் திருகினார்.

"சரி. தொம்மை என்ன சொன்னார்? முதல்லருந்து சொல்லுங்க. கண்ணு மட்டும் மீட்டர்ல இருக்கட்டும்."

இதைக் கேட்க ஒருவர் வேண்டும் என்றுதான் கித்தேரியான் ஒரு வாரமாகக் காத்திருந்தார். யார் எங்கே நின்றார்கள், யார் முதலில் பல்லைக் காட்டினார்கள், ஒன்று விடாமல் சொன்னார்.

"இப்ப எவ்வளவு?"

"நானூத்திப் பத்து." கித்தேரியான் பேச்சை நிறுத்தினார். "என்ன டீச்சர் இது?"

"நீங்க சொல்லுங்க. சிரிச்சது யாரு?"

"அவன் வள்ளத்துல போற அந்த லியோன். அவன் கல்யாணத்துக்கு லைட் போட்டதே நான்தான். நன்றி கெட்ட பய."

"இப்ப?"

"நானூத்தி எண்பது. நான் எதையும் தொடலை, டீச்சர்!"

"நானும் தொடலை."

ஐந்நூற்று நாற்பதில் டீச்சர் பேட்டரியின் வயரைப் பிடுங்கினார். கித்தேரியான் மூடியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"சூடானா அது கூட இழுக்கும். கூட இழுத்தா இன்னும் சூடாகும். நீங்க அளந்தது அது குளிர்ந்து கிடந்தப்போ."

"சிப்பு என்ன செய்யுது, பார்த்துக்கிட்டா இருக்கு?"

"எரின்னு சொல்லும், அணையின்னு சொல்லும். எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது."

புதிதாக வைக்கப் போகிற போர்டுக்கும் பேட்டரியில் பங்கு வேண்டும் என்று, நாலு எல்.இ.டி.யில் ஒன்றைக் கழற்றினார். மின்சாரத்தைக் குறைக்க வைத்திருந்த ரெசிஸ்டரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பேட்டரிக்கும் மற்ற மூன்றுக்கும் நடுவே ஐந்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு டிரைவர் போர்டை வைத்தார். சிப்பிலிருந்து வருகிற வயரை அந்தப் போர்டில் சேர்த்தார். மூடினார். துண்டைப் போட்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க, அண்ணாச்சி."

இரண்டாம் தடவை கித்தேரியான் இன்னும் ஓங்கிச் சொன்னார். தொம்மையின் அப்பா காலத்துச் சங்கதிகளும் சேர்ந்துகொண்டன. பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நடுநடுவே டீச்சர் எவ்வளவு என்று கேட்டார். ஐந்து தடவை கேட்டார். ஐந்து தடவையும் அதே முன்னூற்று ஐம்பதுதான்.

கித்தேரியான் மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"இதுக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

"எல்.இ.டி. எவ்வளவு கேட்குதுன்னு இது பார்க்காது. தன் வழியா எவ்வளவு போகுதுன்னு மட்டும் பார்த்துக்கிட்டே இருக்கும், கூடினா குறைக்கும்."

கித்தேரியான் மூடியைத் தொட்டுப் பார்த்தார். கை பொறுக்கிற சூடுதான்.

"அப்போ விளக்கு அணைஞ்சது என் தப்பு."

"உங்க தப்பு."

"ஏமாத்துனேன்னு சொன்னானே?"

"அது அவர் தப்பு."

"அந்த வார்த்தையை அவன் முதல்ல திருப்பி எடுக்கட்டும். அப்புறம் இந்த விளக்கைக் குடுக்கேன்."

டீச்சர் சால்டரிங் அயனைத் துடைத்தார். "இப்ப விளக்குக்கு என்ன பண்றாங்க?"

"செல்போனைப் பாலித்தீன் பையில போட்டுக் கம்புல கட்டுறானாம். இன்னைக்கும் நாலு மணிக்கு இறக்குறான்."

"எத்தனை பேர் போறாங்க?"

"நாலு பேர்."

"நாலு பேரும் அந்த வார்த்தையைச் சொன்னாங்களா?"

"தொம்மை சொன்னான். லியோன் சிரிச்சான்."

"மத்த ரெண்டு பேர்?"

கித்தேரியான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால். விளக்கைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

கரையில் தொம்மை வலையை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"என்னவே, இது கடல்ல எரியுமா, கரையில மட்டும் எரியுமா?"

லியோன் சிரித்தான். கித்தேரியான் நொண்டிக்கொண்டே வள்ளத்தில் ஏறி விளக்கைக் கட்டினார். உள்ளங்கையால் அதன் கண்ணை மூடினார். எரிந்தது.

"அணைஞ்சது என் தப்பு, தொம்மை. சூடேறும்னு நான் பார்க்கலை. ஆனா பழைய சாமான் போடலை."

சொல்லிவிட்டு நின்றார். அவன் பதிலுக்காகத்தான் நின்றார்.

தொம்மை விளக்கை அண்ணாந்து பார்த்தான். கம்பில் கட்டியிருந்த பாலித்தீன் பையை அவிழ்த்துச் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "இறங்கும்வே, தள்ளணும்" என்றான்.

கித்தேரியான் இறங்கினார். நாலு பேரும் வள்ளத்தைத் தள்ளி ஏறிப் போனார்கள்.

அவர் திரும்பி வந்தபோது டீச்சர் கடையை அடைத்துக்கொண்டிருந்தார்.

"கட்டிட்டேன். அவன் ஒரு வார்த்தை சொல்லலை, டீச்சர்."

"ம்."

"சொல்ல வேண்டியதா, இல்லையா?"

"சொல்ல வேண்டியதுதான்."

"அப்போ அது பாக்கி."

"பாக்கிதான், அண்ணாச்சி" என்றார் டீச்சர். "அது அந்த விளக்குக்குத் தெரிய வேண்டாம்."