எறும்பு நின்றது, கழுதை புரண்டது

ஆற்றங்கரை வேப்பமரத்தடியில் சிவப்பு எறும்புகள் வசித்தன. எதிரே புளியமரத்தடியில் கறுப்பு எறும்புகள் வசித்தன. கோடை வந்துவிட்டால் இரண்டு கூட்டமும் சண்டைக்குக் கிளம்பிவிடும்.

எதற்குச் சண்டை? எப்போதோ நடுவில் ஒரு வெல்லக்கட்டி கிடந்ததாம். அது எந்த வருஷத்து மழையில் கரைந்தது என்றுகூட யாருக்கும் தெரியாது. சண்டை மட்டும் கரையவில்லை!

சண்டைக்கு முன்னால் சிவப்பு எறும்புகளின் தளபதி தரையில் ஒரு வாசனைக் கோடு போடும். மற்ற எறும்புகள் அந்தக் கோட்டைப் பிடித்தே நடக்கும். நடக்கிற ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் வாசனையைக் கோட்டில் சேர்க்கும். அதனால்தான் கோடு அழியாமல் இருக்கும்.

அந்தக் கோடையில் முதல் வரிசையில் நின்றது கடுகி என்ற இளம் எறும்பு. போன வருஷம் அதன் அக்காமார் இருபது பேர் அதே வழியில் போனார்கள். ஒருத்திகூடத் திரும்பி வரவில்லை.

"ம், நட!" என்றது தளபதி.

"நடக்க மாட்டேன் ஐயா!" என்றது கடுகி.

"பயமா?"

"ஆமா, பயம்தான். ஆனா அது மட்டுமில்ல. அந்தக் கறுப்பு எறும்பு எனக்கு என்ன பண்ணுச்சு? நீங்களே சொல்லுங்க!"

தளபதிக்குக் கத்தத்தான் தெரிந்தது. கத்தக் கத்த, கடுகிக்குப் பின்னால் இருந்த இளசுகளும் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. யாரும் நடக்காததால் கோட்டில் புது வாசனை சேரவில்லை. மத்தியான வெயிலும் காற்றும் இருந்த வாசனையையும் துடைத்துவிட்டன. வழி தெரியாமல் தளபதி நின்ற இடத்திலேயே மூன்று சுற்று சுற்றியது, பாவம்!

எதிரே பார்த்துக்கொண்டிருந்த கறுப்பு எறும்பு இளசுகளும் தங்கள் கோட்டில் கால் வைக்கவில்லை. அந்தக் கோடையில் சண்டையும் இல்லை, சாவும் இல்லை.

இந்தச் சேதி ஆற்றில் மணல் சுமந்த கழுதைகளுக்கும் எட்டியது. அவ்வளவு பெரிய காதுக்குக் கேட்காமல் போகுமா?

மலைமேல் ஒரு நரி மாளிகை கட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது அறை முடிந்து பத்தாவது அறை நடந்தது. ஒரு நரிக்கு எதற்குப் பத்து அறை என்று கேட்காதீர்கள், அதை நரியிடம்தான் கேட்க வேண்டும். அதன் ஏவலில் ஓநாய்கள் ஆற்று மணலை அள்ளிக் கோணிப்பைகளில் நிரப்பின. கழுதைகள் மலைக்குச் சுமந்தன. மணல் போகப் போகத் தண்ணீரும் கீழே போனது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு மடு. கரையில் இருந்த அத்தனை உயிருக்கும் அதுதான் தண்ணீர். பூளை என்ற இளம் கழுதை போன மாதம் அங்கே கழுத்து முங்கக் குளித்திருந்தது. இப்போது குளம்பு நனைவதே பெரிய பாடாக இருந்தது.

"எறும்பால முடிஞ்சது நம்மால முடியாதா? நாமளும் நிப்போம்!" என்றது பூளை.

"வம்பு வேண்டாம்டீ!" என்றது அதன் அம்மா.

இளம் கழுதைகள் கேட்கவில்லை. சுமையோடு பாதையில் நின்றன. நரி விழுந்து விழுந்து சிரித்தது.

"எறும்பு நின்னா கோடு அழியும். கழுதைங்க நின்னா என்னடா அழியும்?"

ஓநாய்கள் பின்னங்கால்களைக் கடித்தன. ரத்தம் ஒழுக ஒழுகக் கழுதைகள் மலை ஏறின.

பூளை நொண்டிக்கொண்டே வேப்பமரத்தடிக்கு வந்தது.

"ஏ கடுகி! உன்னை மாதிரியே நின்னேன். கடி வாங்கினதுதான் மிச்சம்!"

"என்னை மாதிரி நிக்கச் சொல்லி நான் கேட்டேனா?" கடுகிக்கும் கோபம் வந்துவிட்டது. "எங்க சண்டை எங்க கால்ல நடந்துச்சு. நாங்க காலைக் குடுக்கல. நரியோட மாளிகை எதுல ஏறுது?"

"எங்க முதுகுல."

"அப்புறம் காலை நிறுத்தி என்ன பண்ணப் போறே?"

பூளை யோசித்துக்கொண்டே திரும்பிப் போனது.

மறுநாள் காலையில் ஓநாய்கள் மணலை ஏற்றின. பூளை நான்கு அடி நடந்தது. பிறகு ஆற்றுக்குள்ளேயே பொத்தென்று படுத்தது. நான்கு காலையும் ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுகமாகப் புரண்டது! மணல் முழுவதும் ஆற்றிலேயே கொட்டியது.

ஒரு கழுதை புரண்டால் மற்றக் கழுதைகளுக்கு முதுகு சும்மா இருக்குமா? இளசுகள் எல்லாம் புரண்டன. கொஞ்ச நேரம் தயங்கி நின்ற பூளையின் அம்மாவும் புரண்டது!

"கடிங்கடா!" என்று கத்தியது நரி.

எங்கே கடிப்பது? பக்கத்தில் போனால் எந்தப் பக்கமும் குளம்பு! பெரிய ஓநாய்க்கு இரண்டு பல் போனது. ஓநாய்கள் மறுபடி ஏற்றின, கழுதைகள் மறுபடி புரண்டன. மூன்றாம் நாள் ஓநாய்கள் கோணிப்பைகளை நரியின் முன்னால் வீசின.

"வேணும்னா நீயே சுமந்துக்கோ!" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டன.

நரி ஒரு பையைத் தன் முதுகில் தூக்கிப் பார்த்தது. பாதி மேட்டில் மூச்சு வாங்கியது. பத்தாவது அறைக்கு இன்றுவரை கூரை இல்லை.

ஒரு மழை பெய்ததும் மடுவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பூளை கரையில் குனிந்து, தன் மூக்கின் மேல் கடுகியை ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் காட்டியது.

"இன்னும் நெறையும் பாரு!" என்றது.

முன்னே போராடிய இளையவர்களிடமிருந்து துணிச்சலை அப்படியே வாங்கிக்கொள்ளலாம். நம் காலத்து அநியாயம் எதன்மேல் ஏறி நிற்கிறது என்பதை நாமேதான் கண்டுபிடித்து உதற வேண்டும்.