அரசருக்கு மட்டும் கசந்த பாயசம்

முன்னொரு காலத்தில், யாரையும் நம்பாத அரசர் ஒருவர் இருந்தார். பக்கத்து நாட்டு மன்னரை அவருடைய ஆட்களே கவிழ்த்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்கு உறக்கமே இல்லை. “அரசர் சொல்வதே உண்மை, மறுப்பவன் துரோகி” என்று ஊரெங்கும் முரசறைவித்தார். அன்று முதல் அவையில் எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள். அந்த ஒரே குரலும் அவருக்குச் சந்தேகத்தையே தந்தது.

விழா நாள்களில் ஒரே அண்டாவிலிருந்து அரசருக்கும் அவையோருக்கும் பாயசம் ஊற்றுவது அங்கே வழக்கம். அரசர் ஒரு மிடறு விழுங்கியதும் மற்றவர்கள் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட வேண்டும். அதுதான் விசுவாசத்துக்கு அடையாளம்.

ஒரு விழா நாளில் வழக்கம்போல் எல்லாரும் குடித்தார்கள். அரசர் முகம் சுளித்தார்.

“கசக்கிறது! இதில் நஞ்சு இருக்கிறது!”

“ஆம் மகாராஜா, நாக்கே எரிகிறது!” என்றது அவை.

சமையற்காரர் உலகப்பன் தரையில் விழுந்தார். “சாமி, பாலும் வெல்லமும் தவிர வேற எதுவும் போடலீங்க.”

“யானைக் காலில் இடற விடுங்கள் இவனை!”

தளபதி அரிகண்டனுக்கு உள்ளூரக் கொண்டாட்டம். மடைப்பள்ளியில் தன் மைத்துனனை அமர்த்தலாம். கூடவே, தன்னைக் கேலி செய்யும் விகடகவி பிச்சாண்டியையும் ஒழித்துவிடலாம்.

“மகாராஜா, இவன் கையால் தினமும் உண்பவர் பிச்சாண்டி. இது நஞ்சா இல்லையா என்று அவரே சொல்லட்டும்.”

இல்லை என்றால் பிச்சாண்டி துரோகி. ஆம் என்றால் நண்பர் உலகப்பனின் உயிர் போய்விடும்.

பிச்சாண்டி ஈசனை நினைத்துக் கைகூப்பினார். “அரசர் சொன்ன பிறகு என்ன சந்தேகம்? நஞ்சேதான். ஐயோ, தளபதியாரே! உங்கள் கிண்ணத்தை வழித்து நக்கியிருக்கிறீர்களே! மருத்துவரே, நஞ்சு உண்டவருக்கு என்ன சிகிச்சை?”

“ஆளுக்கு ஒரு படி விளக்கெண்ணெய். அது இறங்கியதும் குடம் குடமாக உப்புநீர்.”

“முதலில் தளபதியாருக்கு ஊற்றுங்கள். பாவம், அவருக்கு நாக்கு எரிகிறதாம்!”

காவலர்கள் தளபதியின் வாயைப் பிளந்தார்கள். விளக்கெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியது.

“விடுங்களடா! எனக்கு ஒன்றும் எரியவில்லை! பாயசம் தேனாக இனித்தது!”

“எங்களுக்கும் இனிப்புதான்!” என்று அமைச்சர்கள் முந்திக்கொண்டார்கள்.

அரசர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். “அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் கசந்தது?”

உலகப்பன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். “சாமி தூங்கி ரொம்ப நாளாச்சுங்களே. பித்தம் ஏறினா வாய் கசக்கத்தான் செய்யும். இஞ்சிச்சாறும் தேனும் கலந்து கொண்டாரட்டுங்களா? குடுத்துட்டு யானைகிட்டப் போறேன்.”

அரசர் திகைத்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“பிச்சாண்டி, இத்தனை பேர் ஆமாம் போட்டும் கசப்பு என் வாயில்தான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே!”

“பயந்தவர்கள் உங்களுக்கு உங்கள் வார்த்தையைத்தானே திருப்பித் தருவார்கள், மகாராஜா? உங்கள்மேல் அன்புள்ளவர்தான் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்.”

அரசர் தம் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டிக்கு அணிவித்தார். பழைய ஆணை செல்லாது என்று அப்போதே முரசறையச் சொன்னார். உலகப்பன் கொண்டுவந்த இஞ்சிச்சாற்றைக் குடித்தவர், சிறிது நேரத்தில் அரியணையிலேயே கண்ணயர்ந்துவிட்டார். உலகப்பன் பக்கத்தில் நின்று மெல்ல விசிறிக்கொண்டிருந்தார்.